மின்சிகரெட்டின் வாட் எண் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பழைய கருவியில் 1.2 ஓம் காயிலை (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் உலோகமும் பஞ்சும் சேர்ந்த, மாற்றத்தக்க பகுதி) 12 வாட்டில் வைத்து நிறைவாகப் பயன்படுத்தி வந்தீர்கள். இப்போது வாங்கியிருக்கும் புதிய கருவி 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம்-அயனி பேட்டரி ஒன்றில் இயங்குவது, 80 வாட் வரை ஏற்றக்கூடியது. அதில் 0.2 ஓம் மெஷ் காயிலைப் பொருத்தி அதே 12 வாட்டில் வைத்தபோது ஆவியே வரவில்லை. எண்ணை ஒரேயடியாக 80-க்கு ஏற்றியதும் நாலைந்து இழுப்பிலேயே கருகல் நெடி தொண்டையைப் பிடித்துக்கொண்டது. திரையில் வாட், வோல்ட், வெப்பநிலை என்று மூன்று முறைகள் தெரிகின்றன. எதை எந்த எண்ணில் வைப்பது என்று புரியவில்லை.

காயிலின் உலோக உடலில் அச்சிட்டிருக்கும் வாட் வரம்பைப் பார்த்து அதன் கீழ்முனைக்குச் சற்றுக் கீழே தொடங்குங்கள் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால், அடுத்த காயிலை மாற்றும்போது இதே இடத்தில் மறுபடியும் வந்து நிற்பீர்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஏற்கெனவே புகைப்பழக்கம் உள்ளவர், அதிலிருந்து விலகுவதற்காக இக்கருவியைக் கையில் வைத்திருக்கிறார் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். புகைக்காத ஒருவர் இதைத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. சரியான வாட்டில் வைத்தாலும் நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள்தான், உள்ளிழுக்கப்படுவது வெறும் நீராவியும் அல்ல.

முதலில் வாட். பலரும் இதை அடுப்பில் தீயின் சூடு போல நினைத்துக்கொள்கிறார்கள். 60 வாட் என்றால் 30 வாட்டைவிட இரு மடங்கு சூடு என்று எண்ணுகிறார்கள். வாட் என்பது சூட்டின் அளவு அல்ல. ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் காயிலுக்குள் இறங்குகிறது என்பதன் அளவு. 12 வாட் என்றால் நொடிக்கு 12 ஜூல். 3 நொடி பொத்தானை அழுத்திப் பிடித்தால் 36 ஜூல். 80 வாட்டில் அதே 3 நொடிக்கு 240 ஜூல். இந்த ஆற்றலில் ஒரு பங்கு கம்பியையே சூடாக்குவதில் போகிறது. ஒரு பங்கு, பஞ்சில் ஊறியிருக்கும் திரவத்தைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதில் போகிறது. ஒரு பங்கு அதை ஆவியாக்குகிறது. மீதியை, நீங்கள் இழுக்கும் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கம்பி கடைசியில் எத்தனை டிகிரியில் நிற்கும் என்பது, ஆற்றல் உள்ளே வரும் வேகத்துக்கும் இந்த வழிகளில் வெளியேறும் வேகத்துக்கும் இடையே உள்ள சமநிலையைப் பொறுத்தது. உள்ளே வருவதை மட்டும்தான் உங்கள் விரல் தீர்மானிக்கிறது. வெளியேறுவதைத் தீர்மானிப்பவை காயிலின் பரப்பு, பஞ்சின் தாகம், திரவத்தின் தன்மை, காற்றுத் துளையின் அகலம் ஆகியவை.

வோல்ட்டையும் ஓமையும் இங்கேயே முடித்துவிடுவோம். திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது. வாட் முறையில் இருக்கும் கருவி, காயிலின் மின்தடையை அளந்து, நீங்கள் கேட்ட வாட்டைத் தருவதற்குத் தேவையான வோல்ட்டைத் தானே கணக்கிட்டு அனுப்புகிறது. உங்கள் பழைய 1.2 ஓம் காயிலில் 12 வாட்டுக்குச் சுமார் 3.8 வோல்ட் தேவைப்பட்டது, 3.2 ஆம்பியர் பாய்ந்தது. புதிய 0.2 ஓம் காயிலில் அதே 12 வாட்டுக்கு 1.55 வோல்ட் போதும், ஆனால் 7.7 ஆம்பியர் பாயும். 80 வாட்டில் 4 வோல்ட், 20 ஆம்பியர். வோல்ட்டும் ஆம்பியரும் இப்படி மாறினாலும் கருவி தன் வாக்கைக் காப்பாற்றியே இருக்கிறது: இரண்டு காயிலுக்கும் நொடிக்கு 12 ஜூல்தான் போயிருக்கிறது. பிறகு ஏன் ஒன்றில் நல்ல ஆவி, மற்றொன்றில் ஒன்றுமில்லை?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான விளக்கங்கள் வழுக்குகின்றன. ‘ஓம் குறைந்தால் வாட்டை ஏற்ற வேண்டும்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் பொருந்திவிடுகிறது, ஆனால் காரணம் ஓம் அல்ல, பரப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள காந்தல் (Kanthal: இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலப்புலோகம்) கம்பியில் 60 மில்லிமீட்டர் எடுத்துச் சுருட்டினால் ஏறத்தாழ 0.7 ஓம் வரும். அதன் மேற்பரப்பு சுமார் 75 சதுர மில்லிமீட்டர். அதற்கு 15 வாட் கொடுத்தால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 200 மில்லிவாட் கிடைக்கிறது. இப்போது அதேபோன்ற இன்னொரு சுருளை அதற்குப் பக்க இணைப்பாகச் சேருங்கள். மின்தடை பாதியாகி 0.35 ஓம் ஆகிறது. பரப்பு இரட்டித்து 150 சதுர மில்லிமீட்டர் ஆகிறது. அதே 15 வாட் இப்போது சதுர மில்லிமீட்டருக்கு 100 மில்லிவாட்தான் தருகிறது. முன்பிருந்த சுவையும் சூடும் வேண்டுமென்றால் 30 வாட் வைத்தாக வேண்டும். ஓம் குறைந்ததால் வாட் கூடவில்லை; உலோகம் கூடியதால் கூடியது, ஓம் குறைந்ததும் அதே காரணத்தால்தான். 0.4 ஓம் அளவில் ஒரு மெல்லிய சிறு காயிலையும் செய்யலாம், ஒரு தடித்த பெரிய காயிலையும் செய்யலாம். இரண்டுக்கும் பொருத்தமான வாட் ஒன்றாக இருக்காது. ஆகவே ஓம் எண்ணை ஓர் அடையாளமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உத்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காயிலைச் செய்தவர் அச்சிட்டிருக்கும் வாட் வரம்பு இந்தப் பரப்பையும் பஞ்சின் அமைப்பையும் அறிந்து எழுதப்பட்டது என்பதால்தான் அதற்கு மதிப்பு.

உங்கள் மெஷ் காயில் என்பது துளைகள் இட்ட மெல்லிய உலோகத் தகட்டை உருளையாக வளைத்தது. கம்பிச் சுருளோடு ஒப்பிட்டால் பஞ்சைத் தொடும் பரப்பு அதில் மிக அதிகம். அதனோடு வரும் டேங்குகளில், அதாவது திரவம் நிரப்பும் கலங்களில், காற்றுத் துளையும் அகலமானது. 12 வாட் அந்தப் பரப்பு முழுவதும் மெலிதாகப் பரவி, திரவத்தை வெதுவெதுப்பாக்குவதற்குள் காற்று அதைக் குளிரவைத்துவிட்டது. கொதிநிலையை எட்டவே இல்லை. கோளாறு எதுவும் இல்லை, ஆற்றல் போதவில்லை, அவ்வளவுதான். ஒன்றைக் கவனியுங்கள்: வாட் குறைவாக இருந்தாலும் தொல்லை உண்டு. சரியாக ஆவியாகாத திரவம் காயிலின் நடுக்குழாயில் தேங்கி, களகளவென்று ஒலி எழுப்பி, வாயில் துளியாகத் தெறிக்கும். அதைக் கசிவு என்று எண்ணி டேங்கையே மாற்றுகிறவர்கள் உண்டு. ஐந்து வாட் ஏற்றினாலே பல சமயம் அது நின்றுவிடும்.

இனி, கருகியது ஏன் என்பதற்கு வருகிறேன். எண்ணெய் விளக்கில் திரி எரிவதில்லை, திரி இழுத்துத் தரும் எண்ணெய்தான் எரிகிறது. எண்ணெய் வற்றினால் திரியே கருகத் தொடங்குகிறது. காயிலில் உள்ள பஞ்சும் அப்படித்தான். திரவம் அதில் ஊறியிருக்கும்வரை, உள்ளே வரும் ஆற்றல் ஆவியாக்கும் வேலைக்குச் செலவாகிறது. கம்பியின் வெப்பநிலை திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கிறது. திரவத்தின் அடிப்படைப் பொருள்களில் புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிப்பவை. இரண்டும் கலந்த திரவம் கலவை விகிதத்துக்கேற்ப இடையில் கொதிக்கும். பஞ்சு உறிஞ்சித் தரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் மிகுந்துவிட்டால், உலோகத்தைத் தொடும் இடத்தில் பஞ்சு உலர்கிறது. அதற்கு மேல் வரும் ஆற்றலுக்குச் செலவாக வேறு வழியில்லை. வெப்பநிலை கண்ணிமைப்பதற்குள் பாய்ந்து ஏறுகிறது. இதைத்தான் உலர் இழுப்பு என்கிறோம்.

கருகிப்போன ஒரு காயிலை எறிவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வெளிச்சுற்றுப் பஞ்சு வெளிர் மஞ்சளாக, ஈரமாக, விரலில் ஒட்டும்படி இருக்கும். உள்ளே போகப் போகப் பழுப்பேறி, உலோகத்தோடு ஒட்டியிருக்கும் கடைசி அடுக்கு கருத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். டேங்கில் பாதிக்கு மேல் திரவம் இருக்கும்போதே இப்படி ஆகியிருக்கும். ‘திரவம் நிறைய இருந்ததே, எப்படிக் கருகியது’ என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவது வழக்கம்: பஞ்சின் வெளிப்புறம் நனைந்தும் உட்புறம் வறண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். இரண்டுக்கும் இடையே உள்ள ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தைத் திரவம் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் உங்கள் காயிலின் உண்மையான வாட் உச்சவரம்பு.

இதைச் சுவைக் கேடு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அளவு மீறிச் சூடேறும்போது புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் போன்றவற்றைத் தருகின்றன. 2014-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மின்னழுத்தத்தை 3.2 வோல்ட்டிலிருந்து 4.8 வோல்ட்டுக்கு ஏற்றியபோது ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அசிட்டோன் ஆகியவற்றின் அளவு 4 மடங்கு முதல் 200 மடங்குக்கு மேலும் கூடியது. 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வுக் கடிதம், 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டதாகக் கூறியது. அதற்கு எதிராக, அந்தச் சூட்டில் எந்த மனிதரும் இழுக்க மாட்டார், கருகல் நெடி தாங்காமல் நிறுத்திவிடுவார் என்று வேறு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் செய்து காட்டினார்கள். இரு தரப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: கருகல் நெடியை உங்கள் நாக்கு தரும் எச்சரிக்கை மணியாகக் கொள்ளுங்கள், ஒருபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்காதீர்கள், அதே சமயம், நெடி வரவில்லை என்பதாலேயே எதுவும் உருவாகவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மெந்தால் அல்லது கடும் இனிப்புச் சுவை கொண்ட திரவம் தொடக்கநிலைக் கருகலை மறைத்துவிடக்கூடியது. காயில் உலோகத்திலிருந்தும் சிறிதளவு ஆவியில் சேர்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், காயிலைத் தொடாத திரவத்தைவிட, அதைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் ஆகியவை கூடுதலாக இருந்தன. தேவைக்கு மேல் ஒரு வாட்டும் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இவையே காரணம்.

திரையில் நீங்கள் பார்த்த வோல்ட் முறை, வாட் முறைக்கு முந்தைய தலைமுறை. அதில் நீங்களே வோல்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காயிலை மாற்றினால் கணக்கை நீங்களே மறுபடி போட வேண்டும். 1.2 ஓமில் 3.8 வோல்ட் வைத்துப் பழகியவர் அப்படியே 0.2 ஓமுக்கு மாறினால் 72 வாட் பாய்ந்துவிடும். வாட் முறை இருக்கும்போது இதைத் தொட வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. சில கருவிகளில் பைபாஸ் என்று இன்னொரு முறை இருக்கும். அது பேட்டரியின் மின்னழுத்தத்தை அப்படியே காயிலுக்கு விடுகிறது. முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட் என்று கொண்டால் உங்கள் 0.2 ஓம் காயிலுக்கு 88 வாட், பேட்டரி 3.4 வோல்ட்டுக்கு இறங்கும்போது 58 வாட். நடைமுறையில் பாரம் ஏறியதும் மின்னழுத்தம் சற்றுத் தாழ்வதால் இரண்டுமே கொஞ்சம் குறையும் என்றாலும், மின்னேற்றம் முடித்த கையோடு இழுக்கும் முதல் இழுப்பு தொண்டையைச் சுடுவதும் மாலையில் அதே கருவி சோர்ந்து போவதும் இந்த ஏற்றத்தாழ்வால்தான். வாட் முறை வந்ததே இதைத் தவிர்க்கத்தான்.

வெப்பநிலைக் கட்டுப்பாடு அப்படி எளிதாகத் தள்ளிவிடக்கூடியது அல்ல. சரியாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தினால், கருகலை அடியோடு தடுக்க இருக்கும் ஒரே முறை அதுதான். 2014-இல் எவால்வ் நிறுவனத்தின் டிஎன்ஏ 40 என்ற மின்சுற்றுப் பலகை இதை நிக்கல் கம்பியோடு கொண்டுவந்தது. இதன் அடிப்படை அழகானது: காயிலுக்குள் வெப்பமானி எதுவும் இல்லை, காயிலே வெப்பமானி. சில உலோகங்கள் சூடேறச் சூடேற அவற்றின் மின்தடை கூடும். நிக்கலில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.6 விழுக்காடு கூடுகிறது; 20 டிகிரியில் 0.10 ஓம் இருக்கும் நிக்கல் காயில் 220 டிகிரியில் 0.22 ஓம் ஆகிவிடும். டைட்டானியத்தில் ஏற்றம் டிகிரிக்குச் சுமார் 0.35 விழுக்காடு. 316 எல் வகைத் துருப்பிடிக்காத எஃகில் சுமார் 0.09 விழுக்காடுதான், 0.50 ஓம் எஃகுக் காயில் 220 டிகிரியில் 0.59 ஓமில் நிற்கும். கருவி இந்த ஏற்றத்தை நொடிக்குப் பலமுறை அளந்து, நீங்கள் குறித்த வெப்பநிலையை எட்டியதும் ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. காந்தல் கம்பியின் மின்தடை சூட்டால் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை என்பதால், அதில் இந்த முறை வேலை செய்யாது. நீங்கள் வைத்திருக்கும் மெஷ் காயிலின் உறையில் எஃகு என்றோ 316 எல் என்றோ குறிப்பு இல்லையென்றால், வெப்பநிலை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இந்த முறையில் நான் ஒருமுறை நன்றாகச் சூடுபட்டிருக்கிறேன். எஃகுக் காயில் ஒன்றைச் சற்று நேரம் வாட் முறையில் இழுத்துவிட்டு, அது ஆறுவதற்குள் வெப்பநிலை முறைக்கு மாற்றி, கருவி கேட்டபோது அடிப்படை மின்தடையை அப்படியே பூட்டிவிட்டேன். 220 டிகிரி என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது, பஞ்சோ கருகியது. கருவி பழுது என்றுதான் முதலில் முடிவு செய்தேன். பிறகு காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தபோது கணக்கு விளங்கியது. 20 டிகிரியில் 0.50 ஓம் இருக்க வேண்டிய காயில் 60 டிகிரி சூட்டில் 0.518 ஓம் காட்டியிருக்கும். கருவி அதையே குளிர்நிலை அளவு என்று நம்பிவிட்டது. அதன் கணக்கில் 220 டிகிரி என்பது 0.611 ஓம், ஆனால் அந்த மின்தடையை அந்தக் காயில் எட்டுவது உண்மையில் 267 டிகிரியில். 40 டிகிரி அவசரம், முடிவில் 47 டிகிரிப் பிழையாக வந்து நின்றது. அன்றிலிருந்து புதிய காயிலைப் பொருத்தினால் அது அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை பத்து நிமிடமாவது காத்திருந்துதான் பூட்டுகிறேன். எஃகில் ஏற்றம் இவ்வளவு சிறியது என்பதால், டேங்கின் திருகு சற்றுத் தளர்ந்து நூறில் ஒரு பங்கு ஓம் கூடினாலும் இருபது டிகிரிக்கு மேல் பிசகிவிடும். நிக்கலையும் டைட்டானியத்தையும் வாட் முறையில் பயன்படுத்தவே கூடாது. அவை கட்டுப்பாடின்றிச் செஞ்சூடாவதற்கு ஏற்ற உலோகங்கள் அல்ல.

பேட்டரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 80 என்ற எண்ணைத் தொட்டிருப்பதால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாட் முறையில் இயங்கும் கருவிக்குள், பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு மின்சுற்று நின்று மின்னழுத்தத்தை மாற்றித் தருகிறது. அதனால் பேட்டரியிலிருந்து இழுக்கப்படும் ஆம்பியர், காயிலின் ஓமைப் பொறுத்தது அல்ல. நீங்கள் வைக்கும் வாட்டையும் பேட்டரியின் அப்போதைய மின்னழுத்தத்தையும் பொறுத்தது. மின்சுற்றின் திறமையை 90 விழுக்காடு என்று கொண்டால், 80 வாட் தருவதற்குப் பேட்டரி 89 வாட் கொடுக்க வேண்டும், அது 3.2 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் நேரத்தில் அதற்கு 27.8 ஆம்பியர் தேவை. நல்ல 18650 பேட்டரிகளின் தொடர் மின்னோட்ட வரம்பே பெரும்பாலும் 20 முதல் 25 ஆம்பியர்தான். கொள்ளளவு கூடுதலான பலவற்றில் அதைவிடக் குறைவு. உறையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் எண் சில நொடித் துடிப்புக்கு உரியதாகவும் இருக்கலாம்; தொடர் வரம்பு எது என்று பார்த்து வாங்க வேண்டும். 55 வாட்டில் இதே கணக்கு 19 ஆம்பியரில் முடிகிறது. கருவியின் பெட்டியில் 80 என்று போட்டிருப்பது அதன் மின்சுற்றின் எல்லை. உள்ளே இருக்கும் பேட்டரி அதைத் தாங்கும் என்பதற்கோ, காயில் அதை ஏற்கும் என்பதற்கோ அது உறுதிமொழி அல்ல.

உழைக்கும் நேரமும் இதனோடு சேர்ந்ததே. 3000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 10.8 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. மின்சுற்றின் அதே 90 விழுக்காடு திறமையைக் கொண்டால், 15 வாட்டில் அது ஏறத்தாழ 770 மூன்று-நொடி இழுப்புகளுக்கு வரும். 60 வாட்டில் 190-க்கு. காகிதக் கணக்கு இது. நடைமுறையில் இன்னும் குறையும். மேலுறை கிழிந்த பேட்டரியை, கிழிசல் நகக்கண் அளவு இருந்தாலும், கருவிக்குள் போடாதீர்கள். தனிப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடும் நாணயங்களோடும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது தீவிபத்தில் முடிந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும், அந்த ஆபத்தே இல்லை.

நிகோட்டினையும் இங்கே மறக்கக் கூடாது. வாட் கூடினால் ஒவ்வோர் இழுப்பிலும் ஆவியாகும் திரவம் கூடுகிறது. அதே விகிதத்தில் நிகோட்டினும் கூடுகிறது. உங்கள் பழைய கருவியில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோட்டின் சால்ட் (அமிலம் சேர்த்த நிகோட்டின்) ஊற்றியிருந்தீர்கள் என்றால், அதே குப்பியை இந்த மெஷ் டேங்கில் ஊற்றாதீர்கள். சால்ட் வகை தொண்டையை உறுத்தாதபடி செய்யப்பட்டது. அதனால் அளவு மிஞ்சுவது தொண்டையில் தெரியாது, சில நிமிடங்கள் கழித்துத் தலைசுற்றலாக, குமட்டலாக, நெஞ்சுப் படபடப்பாகத் தெரியும். 50 வாட்டுக்கு மேல் போகும் டேங்குகளில் பெரும்பாலோர் 3 மில்லிகிராம் சாதாரண நிகோட்டினோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். ஆவி எவ்வளவு அடர்த்தியாக வருகிறது என்பதைப் பார்த்து வாட்டை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள், தாம் உட்கொள்ளும் நிகோட்டினையும் ஏற்றிக்கொண்டே போகிறோம் என்பதைக் கவனிப்பதே இல்லை. புகையை விட வந்தவர் முன்பைவிட அதிக நிகோட்டினுக்குப் பழகிப்போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கிளிசரின் மிகுந்த கெட்டித் திரவம் பஞ்சில் மெதுவாக ஊறும். சிறிய துளை கொண்ட குறைந்த வாட் காயிலில் அது உலர் இழுப்புக்கு வழிவகுக்கும், உங்கள் மெஷ் காயிலில் தாராளமாகப் பயன்படுத்தலாம். காற்றுத் துளையை மூடினால் ஆவி சூடாகும், திறந்தால் ஆறும். துளையைப் பாதியாக மூடினால் நான்கைந்து வாட் இறக்குவது நல்லது. முன்சூடு என்ற வசதி, முதல் அரை நொடியில் மட்டும் வாட்டைக் கூட்டித் தரும். தடித்த கம்பிச் சுருள் எழும்பத் தாமதமாகும் என்பதால் அதற்குப் பயன்படும், மெல்லிய மெஷ் தகட்டுக்குத் தேவையே இல்லை, சாதாரண நிலையில் விட்டுவிடுங்கள். இனிப்பூட்டிய திரவம் காயிலில் சர்க்கரைப் பாகு கருகியது போன்ற படிவை விடும். படிவு ஏறிய காயிலில் சுவை மங்குவதைப் பார்த்து வாட்டை ஏற்றினால் படிவு இன்னும் கருகும். அப்போது மாற்ற வேண்டியது காயிலை, எண்ணை அல்ல.

உங்கள் கையில் இருக்கும் காயிலைப் பொறுத்தவரை, கருகிய பஞ்சு மறுபடி தேறாது. வாட்டை எவ்வளவு இறக்கினாலும் அந்த நெடி ஒவ்வோர் இழுப்பிலும் வந்துகொண்டே இருக்கும். அதை மாற்றிவிடுங்கள். புதிய காயிலின் நடுக்குழாய் வழியாகத் தெரியும் பஞ்சிலும் பக்கத் துளைகளிலும் ஓரிரு சொட்டுத் திரவம் விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். உடலில் 50 முதல் 70 வாட் என்று அச்சிட்டிருந்தால், வாட் முறையில் 45-இல் தொடங்குங்கள். பொத்தானை அழுத்தியதும் சீரான மெல்லிய சடசடப்பு கேட்க வேண்டும். களகளவென்றால் குறைவு, ஒலியே இல்லாமல் ஆவி மட்டும் காய்ந்து சூடாக வந்தால் அதிகம். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை 2 வாட் மட்டும் ஏற்றுங்கள். இழுப்புகளுக்கு நடுவே பஞ்சு மறுபடி நனைய அரை நிமிடமாவது விடுங்கள். சுவை தெளிவாகத் துலங்கும் ஓர் இடம் வரும், அதற்கு மேல் ஏற்றினால் சூடு கூடுமே தவிரச் சுவை கூடாது. அந்த எண்ணிலிருந்து 2 வாட் இறக்கி அங்கேயே பூட்டிவிடுங்கள். உங்களுடையது போன்ற காயிலில் அது பெரும்பாலும் 50-க்கும் 60-க்கும் நடுவே விழும். ஒற்றை பேட்டரியோடு 60-ஐத் தாண்ட வேண்டாம். கருவி ‘வீக் பேட்டரி’ என்று காட்டத் தொடங்கினால், வாட்டை இறக்கிச் சமாளிக்காமல் பேட்டரியை மின்னேற்றத்தில் போடுங்கள்.